திருப்பி ஓடிய டேப்: ‘நோ புஸிஃபுட்டிங்’ உருவான விதமும் 2008 மறுவெளியீடும்

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஆங்கிலேய ராக் உலகைச் சேர்ந்த ராபர்ட் ஃபிரிப், பிரையன் ஈனோ இருவரும் சேர்ந்து 1973இல் வெளியிட்ட ‘நோ புஸிஃபுட்டிங்’ ஆல்பத்தின் 2008 பதிப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அசல் எல்பி இசைத்தட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே இசைத் துண்டுகள். புதிய பதிப்பிலோ இரண்டு சிடி, ஐந்து துண்டுகள். கூடுதலாக வந்த மூன்றும் புதிதாக வாசித்தவை இல்லை. அசல் துண்டுகள் இரண்டையும் பின்னோக்கி ஓடவிட்டது இரண்டு, முதல் துண்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டது ஒன்று. “இது சிடியை நிரப்பச் செய்த வேலையா? வீட்டில் இரண்டு டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு ஆல்பம் செய்தார்கள் என்கிறார்களே, நிஜமா? இதில் எதைக் கேட்டால் ஆல்பத்தைக் கேட்டதாக அர்த்தம்?” என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. டேப்பைத் திருப்பிப் போட்டாலும் அது அதே இசைதானா என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது.

நான் இசை விமர்சகன் இல்லை. பழைய ஸ்பூல் டேப்புகளை, அதாவது சுருளில் சுற்றிய காந்த நாடாக்களை, சுத்தம் செய்து, ஓடவிட்டு, டிஜிட்டலுக்கு மாற்றுவது என் வேலை. இருபது வருடங்களுக்கு மேலாகிறது. அதனால் இந்தப் பதிலில் மூன்று விதமான விஷயங்கள் கலந்துவரும். தேதி, இடம், யார் என்ன வாசித்தார் என்பவை பதிவில் உள்ளவை. டேப் எப்படி நடந்துகொள்ளும் என்பது இயற்பியல். அதை நான் கையாலும் செய்து பார்த்திருக்கிறேன். எது அழகு, எதை முதலில் கேட்கலாம் என்பது என் காது சொல்வது. காது பேசும் இடங்களில் அதைச் சொல்லிவிடுகிறேன், அங்கே நீங்கள் என்னோடு ஒத்துப்போக வேண்டியதில்லை.

முதல் துண்டான ‘தி ஹெவன்லி மியூசிக் கார்ப்பரேஷன்’ 1972 செப்டம்பர் 8ஆம் தேதி, லண்டன் மைடா வேல் பகுதியில், ஈனோவின் வீட்டில் இருந்த பதிவறையில் பதிவானது. ஆக, வீட்டில் செய்தது என்பது பாதி ஆல்பத்துக்கு முழு உண்மை. அப்போது ஃபிரிப் கிங் கிரிம்சன் ராக் குழுவின் கிதார் கலைஞர். ஈனோ ராக்ஸி மியூசிக் குழுவில் இருந்தார். தன்னை இசைக்கலைஞன் என்றே சொல்லிக்கொள்ளாதவர் அவர். மற்றவர்கள் வாசிக்கும் ஒலியைத் தன் விசிஎஸ்3 என்ற சின்தசைசர் (எலக்ட்ரானிக் ஒலிக்கருவி) வழியாகவும் டேப் வழியாகவும் வாங்கி உருமாற்றுவதுதான் குழுவில் அவர் வேலை. இரண்டு குழுக்களையும் ஈ.ஜி. என்ற ஒரே நிறுவனம் நிர்வகித்துவந்தது. அன்று ஃபிரிப் கொண்டுவந்தது கிதாரையும், அதன் ஒலியை மாற்றும் பெடல்களையும். ஈனோவிடம் தயாராக இருந்தது இரண்டு ரெவாக்ஸ் ஏ77 டேப் ரெக்கார்டர்கள். முன்னதாக எழுதிவைத்த இசை என்று எதுவும் கிடையாது.

அந்த இரண்டு ரெக்கார்டர்களும் எப்படி இணைந்திருந்தன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறீர்கள். டேப் நிறைந்த ஸ்பூல் இடது பக்கக் கருவியில் இருக்கிறது. டேப் அந்தக் கருவியின் பதிவு ஹெட்டை (ஒலியை டேப்பில் பதிக்கும் காந்த முனை) கடந்து வெளியே வந்து, இடைவெளியைத் தாண்டி, வலது பக்கக் கருவிக்குள் நுழைகிறது. அங்கே ஒலிக்கும் ஹெட்டைத் தொட்டுவிட்டு, வலது ஓரத்துக் காலி ஸ்பூலில் போய்ச் சுற்றிக்கொள்கிறது. இப்போது இடது கருவியில் ஒரு சுரத்தைப் பதிவு செய்தால், டேப் நடந்து போய்ச் சேர்ந்தபிறகு வலது கருவியில் அது ஒலிக்கும். நொடிக்கு 19 சென்டிமீட்டர் வேகமும் இரண்டு ஹெட்டுகளுக்கு நடுவே ஒரு மீட்டர் தூரமும் இருந்தால், சுமார் ஐந்து நொடி தாமதம். வேகத்தைப் பாதியாக்கினால் பத்து நொடிக்கு மேல். அப்புறம் முக்கியமான இணைப்பு: வலது கருவியில் ஒலிப்பதை ஒரு வயர் வழியாக மறுபடியும் இடது கருவியின் உள்ளீட்டுக்கே அனுப்புகிறீர்கள். ஐந்து நொடிக்கு முன் வாசித்தது, இப்போது வாசிப்பதோடு சேர்ந்து மீண்டும் டேப்பில் ஏறுகிறது. அடுத்த சுற்றில் அந்த இரண்டும் மூன்றாவதோடு சேரும். ஒரே ஆள் நிதானமாக ஒவ்வொரு சுரமாக வைத்துக்கொண்டே போனால், சில நிமிடங்களில் ஒரு கூட்டமே வாசிப்பது போல ஒலி திரண்டுவிடும்.

இந்த அமைப்பு இவர்கள் கண்டுபிடித்ததில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி 1963இல் பாரிஸில் இதே முறையைப் பயன்படுத்தினார், ‘டைம் லாக் அக்யுமுலேட்டர்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். இன்னொரு அமெரிக்க இசையமைப்பாளரான பாலின் ஒலிவெரோஸ் 1966இல் எலக்ட்ரானிக் ஒலிகளை வைத்துச் செய்திருக்கிறார். ராக் கிதாரின் நீண்ட, உறுமலான, தேயாத சுரத்தை இதற்குள் அனுப்பி, அதை எல்பியாக வெளியிட்டதுதான் ஃபிரிப்பும் ஈனோவும் சேர்த்தது. அது சின்ன விஷயம் இல்லை.

இதில் பலருக்கும் பிடிபடாத ஒன்று உண்டு. பேச்சில் ‘டேப் லூப்’ என்கிறோமே தவிர, இங்கே டேப் வளையமாகச் சுற்றுவதில்லை. வயர் வழியாக ஒலிதான் சுற்றுகிறது. டேப் ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கிறது. வலது ஸ்பூலில் வந்து சேர்ந்த டேப்பிலேயே எல்லா அடுக்குகளும் பதிவாகியிருக்கும். வழக்கமான ஸ்டூடியோ வேலையில் டிரம்ஸ் ஒரு தடத்திலும் குரல் வேறொரு தடத்திலும் இருக்கும். நாற்பது வருடம் கழித்து ஒருவர் வந்து அவற்றைப் பிரித்து மறுபடி மிக்ஸ் செய்யலாம், அதாவது வேறு அளவுகளில் கலக்கலாம். இந்த அடுக்குகளை அப்படிப் பிரிக்கவே முடியாது. ஐந்தாவது சுற்றில் வந்த சுரம் ஆறாவதோடு கரைந்துபோய்விட்டது. மறுவெளியீடு செய்பவர் கையில் இருப்பது வெந்து முடிந்த சாதம், அதை அரிசியும் தண்ணீருமாகப் பிரிக்க வழியில்லை. 2008இல் ஏன் புது மிக்ஸ் வரவில்லை, ஏன் டேப்பின் திசையையும் வேகத்தையும் மட்டும் மாற்றினார்கள் என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். அடுக்குகள் பிரியாது என்பது மட்டும் உறுதி.

‘ஹெவன்லி’ துண்டின் ஒலி முழுவதும் ஃபிரிப்பின் கிதாரிலிருந்து வருவதே. முதலில் இந்தத் தாமத அமைப்பில் பின்னணி அடுக்குகளைக் கட்டினார்கள். பிறகு இரண்டாவது முறையாக, சுற்றில் சேராத ஒரு நீண்ட கிதார் தனி ஆவர்த்தனத்தை அதன்மேல் பதிவு செய்தார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் இந்த வித்தியாசம் தெரியும். திரும்பத் திரும்ப வந்து மங்கிப்போகும் சுரங்கள் ஒரு வகை. ஒருமுறை வந்துவிட்டுத் திரும்பி வராத கூர்மையான வரி இன்னொரு வகை. “அப்படியானால் ஈனோ என்ன செய்தார்?” என்று அடிக்கடி கேட்கிறார்கள். எந்தச் சுரம் சுற்றில் சேர வேண்டும், எது சேரக்கூடாது, திரும்பி வருவது எவ்வளவு சத்தமாக வர வேண்டும் என்று முடிவு செய்யும் கை அவருடையது. நான் இரண்டு கருவிகளை வைத்து இதைச் செய்து பார்த்தபோதுதான் அந்தக் கையின் அருமை புரிந்தது. திரும்பி வரும் ஒலியை ஒரு மயிரிழை கூட்டினால் நிமிடத்துக்குள் எல்லாம் கொதித்து இரைச்சலாகிவிடும். ஒரு மயிரிழை குறைத்தால் மூன்று சுற்றில் செத்துவிடும். இருபது நிமிடம் அதை நடுவில் நிறுத்திவைப்பது வாசிப்பதற்குச் சமமான வேலை. போதாக்குறைக்கு இரண்டு கருவிகளின் இழுவேகமும் அச்சாக ஒன்றாக இருக்காது, நடுவில் டேப் தொய்யும். என் முதல் முயற்சிகள் எல்லாம் அந்தத் தொய்வில்தான் கெட்டன. கடைசியில் ஒரு கருவி மட்டும் இழுக்கும்படி, மற்றதன் ரப்பர் உருளைக்கு வெளியே டேப்பைக் கொண்டுபோனேன்.

இரண்டாவது துண்டு ‘ஸ்வஸ்திகா கேர்ள்ஸ்’ வந்தது ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 1973 ஆகஸ்டில். இது வீட்டில் செய்ததில்லை. லண்டன் கமாண்ட் ஸ்டூடியோவில் பதிவு செய்து, பீட்டில்ஸ் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டூடியோவில் மிக்ஸிங் வேலையைத் தொடர்ந்தார்கள். அதற்குள் ஈனோ ராக்ஸி மியூசிக்கை விட்டு விலகிவிட்டார். விசிஎஸ்3இல் அவர் உருவாக்கிய, குமிழி குமிழியாகத் துடிக்கும் எலக்ட்ரானிக் சுழற்சியின்மேல் ஃபிரிப் வாசிக்கிறார். பெயரைப் பார்த்துப் பலர் முகம் சுளிப்பதுண்டு. ஸ்டூடியோவில் கன்சோல்மேல் (ஒலிகளைக் கலக்கும் மேசை) ஒட்டிவைத்திருந்த, ஏதோ ஒரு பத்திரிகையிலிருந்து கிழிந்த படம் ஒன்றிலிருந்து அந்தப் பெயர் வந்தது. இசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேறு பெயர் வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். காது சொல்வதைச் சொன்னால், இந்தத் துண்டு எனக்கு முதலாவது அளவுக்கு நெருக்கமானதில்லை. அதிக அடர்த்தி, மூச்சுவிட இடம் குறைவு. ஆனால் இதையே மேலாகச் சொல்லும் நல்ல காதுக்காரர்களும் இருக்கிறார்கள்.

ஆல்பம் 1973 நவம்பரில் ஐலண்ட் நிறுவனத்தின் ‘ஹெல்ப்’ என்ற மலிவு விலை வரிசையில் வந்தது. தலைப்பும் கன்சோலிலிருந்து வந்ததுதான்: ‘பட்டும் படாமலும் நடக்காதே’ என்ற பொருளில் ஃபிரிப் தனக்குத்தானே எழுதி ஒட்டிவைத்திருந்த சீட்டு அது. அட்டைப்படம் வில்லி கிறிஸ்டி எடுத்தது. கண்ணாடிகளால் சூழ்ந்த ஓர் அறையில் இருவரும் உட்கார்ந்திருக்க, பிம்பத்துக்குள் பிம்பமாக அவர்கள் தூரத்தில் மங்கிக்கொண்டே போகிறார்கள். டேப்பில் சுரத்துக்கு நேர்வதும் இதேதான்.

இனி பின்னோக்கி ஓடிய கதை. ஆல்பம் வந்த சமயத்தில் பிபிசி வானொலியில் ஜான் பீல் தன் நிகழ்ச்சியில் இதை ஒலிபரப்பினார். ஒலித்தது பின்னோக்கி. அவரிடம் இருந்த ஸ்பூல் கடைசிப் பகுதி வெளியே இருக்கும்படி சுற்றப்பட்டிருந்தது. ஈனோ அதைக் கேட்டுப் பதறி வானொலி நிலையத்துக்கு போன் செய்தார் என்றும் சொல்வார்கள். அந்தப் பகுதியை நான் கதையாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பின்னோக்கி ஒலிபரப்பானது நடந்ததுதான். 2008 பதிப்பில் பின்னோக்கிய வடிவங்கள் இடம்பெற அதுவே தூண்டுதல்.

டேப்பை அப்படிச் சுற்றிவைப்பது கவனக்குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தொழிலில் அது நல்ல பழக்கம். ஸ்பூலில் டேப் ஒன்றின்மேல் ஒன்றாக மாதக்கணக்கில் அழுந்திக் கிடக்கும்போது, ஒரு சுற்றில் உள்ள காந்தப் பதிவு பக்கத்துச் சுற்றில் லேசாகப் படிந்துவிடும். பாடல் தொடங்குமுன்பே அதன் ஆவி போன்ற குரல் மெலிதாகக் கேட்பது இதனால்தான். ஓடி முடித்த டேப்பைத் தொடக்கத்துக்குத் திருப்பிச் சுற்றாமல் அப்படியே வைத்தால், அந்தப் படிவு பெரும்பாலும் ஒலிக்குப் பின்னால் போய் விழும். எதிரொலி போல அது மறைந்துவிடும், காதை உறுத்தாது. எனவே மாஸ்டர் டேப்புகளை, அதாவது மூலப் பதிவுகளை, கடைசிப் பகுதி வெளியே தெரியும்படி வைப்போம், பெட்டியில் அதை எழுதியும் வைப்போம். பெட்டியைப் படிக்காமல் நேரே கருவியில் ஏற்றினால் எல்லாமே பின்னோக்கித்தான் ஓடும். பாட்டுக்காரர் குரல் இருந்தால் இரண்டு நொடியில் யாருக்கும் தெரிந்துவிடும். இந்த ஆல்பத்தில் குரலும் இல்லை, தாளமும் இல்லை. வழக்கமான கிதார் சுரத்தில் விரல் பட்ட அந்தத் தொடக்க அடி காட்டிக்கொடுத்துவிடும். ஃபிரிப்பின் சுரங்களோ அடி தெரியாமல் மெதுவாக எழுந்து நிற்பவை. எனவே கேட்டவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் உற்றுக் கேட்டால் வித்தியாசம் உண்டு, அதுவும் மிக அழகான வித்தியாசம். சுரம் ஒவ்வொரு சுற்றிலும் மறுபதிவாகும்போது அதன் உச்ச அதிர்வெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. ஆக, நேராக ஓடும்போது நீங்கள் கேட்பது பளிச்சென்று வரும் சுரம், பிறகு அதன் மங்கிய நகல், பிறகு நகலின் நகல். பின்னோக்கி ஓடவிட்டால் மங்கலான நகல்கள் முதலில் வருகின்றன. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தெளிவாகி, கொஞ்சம் பிரகாசமாகி, கடைசியில் அசல் சுரம் வந்து நிற்கிறது. வந்தபிறகு அது திரும்புவதில்லை. நேர் வடிவத்தில் கேட்பது நினைவு மங்குவதைப் போல என்றால், இதில் மறந்துபோன பெயர் ஒன்று மெல்ல மெல்ல நாக்குக்கு வருவதைப் போல இருக்கிறது. தனியாக வாசித்த கிதார் வரியோ தலைகீழாகி, உறிஞ்சி இழுப்பது போன்ற இன்னொரு குணத்தை எடுத்துக்கொள்கிறது. சிடியை நிரப்பும் வேலையா என்ற உங்கள் கேள்விக்கு இங்கேயே என் பதில்: இல்லை. வேறு எந்த ராக் ஆல்பத்தையும் திருப்பிப் போட்டால் வேடிக்கையாக இருக்கும், ஐந்து நிமிடத்தில் அலுக்கும். இது டேப்பின் ஓட்டத்தையே வாத்தியமாக வைத்துச் செய்தது என்பதால், ஓட்டத்தை மாற்றினால் அதே வாத்தியம் இன்னொரு விதமாகப் பேசுகிறது.

பாதி வேக வடிவம் எளிமையானது. வேகம் பாதியானால் நீளம் இரட்டிக்கும், சுரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். கிட்டத்தட்ட 21 நிமிடம் 42 நிமிடத்தை நெருங்குகிறது. இதற்கும் ஒரு பழைய வழி உண்டு. அக்காலத்து ரெக்கார்டு பிளேயர்கள் பலவற்றில் நிமிடத்துக்கு 16⅔ சுற்று என்ற அமைப்பு இருந்தது. எல்பியின் 33⅓க்கு அது சரியாகப் பாதி. வீட்டில் யார் வேண்டுமானாலும் அந்த விசையைத் திருப்பி இதைக் கேட்டிருக்கலாம். மென்பொருளில் சுரத்தை மாற்றாமல் நீளத்தை மட்டும் இழுப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஒலியை நறுக்கி ஒட்டுவது. இது டேப் மெதுவாக நடப்பது. வேகம் குறையும்போது சுரத்தோடு சேர்ந்து டேப்பின் இரைச்சலும் கீழே இறங்குகிறது, உங்கள் காதுக்கு அது காற்று வீசுவது போலக் கேட்கலாம். சிடியில் கோளாறு என்று நினைக்காதீர்கள்.

இரைச்சல் என்றதும் ரீமாஸ்டர், அதாவது மூல டேப்பிலிருந்து ஒலியை மறுபடி சீர்செய்து புதுப் பதிப்பு எடுப்பது, பற்றி ஒரு வார்த்தை. 2008 பதிப்புக்கான ரீமாஸ்டர் வேலையை ஃபிரிப்போடு சேர்ந்து சைமன் ஹேவொர்த் செய்தார். இதே 1973இல் வந்த ‘டியூபுலர் பெல்ஸ்’ ஆல்பத்தின் தயாரிப்பில் பங்கெடுத்தவர் அவர். இப்படிப்பட்ட டேப்பில் இரைச்சலை நீக்க நினைப்பது பெரிய சோதனை. ஒவ்வொரு சுற்றிலும் சுரத்தோடு இரைச்சலும் ஏறிக்கொண்டே போகும். அதை மென்பொருளால் துடைத்தால், பத்தாவது சுற்றில் மெலிந்து நிற்கும் சுரத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுவோம். மெலிந்த சுரமும் இரைச்சலும் அந்த நிலையில் ஏறக்குறைய ஒன்றே. நான் தொழிலில் கற்ற கடினமான பாடங்களில் இதுவும் ஒன்று. முதல் சில வருடங்களில் ‘சுத்தமாக’ மாற்றிக் கொடுத்த பதிவுகளை இப்போது கேட்டால், துடைத்தது அதிகம் என்று வருத்தமாக இருக்கிறது. 2008 சிடியில் இரைச்சல் இன்னும் இருக்கிறது. அதை விட்டுவைத்ததற்காக அந்த வேலையை நான் மதிக்கிறேன்.

சரி, எதைக் கேட்பது? முதல் சிடியின் முதல் இரண்டு துண்டுகள்தான் 1973இல் வெளிவந்த ஆல்பம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவற்றை அந்த வரிசையில், நடுவில் எல்பியைத் திருப்பிப் போடும் அளவுக்கு ஓர் இடைவெளி விட்டுக் கேளுங்கள். சிடி நிற்காமல் அடுத்ததற்குப் போய்விடுவது இந்த ஆல்பத்துக்கு நல்லதில்லை, முதல் துண்டு அடங்க நேரம் வேண்டும். பாதி வேக வடிவத்தை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு அவர்கள் எங்கே போனார்கள் என்று பார்க்க விருப்பமிருந்தால், 1975 மே 28ஆம் தேதி பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் நடந்த கச்சேரி 2014இல் மூன்று சிடியாக வந்திருக்கிறது. ஈனோவின் ‘டிஸ்கிரீட் மியூசிக்’கும் ஃபிரிப் மேடையில் வாசிப்பதற்கான பின்னணி டேப்பாகத் தொடங்கியதுதான்.

‘ஹெவன்லி’யின் பின்னோக்கிய வடிவத்தைக் கடைசியாகக் கேளுங்கள், கட்டாயம் முடிவு வரை. நேர் வடிவம் ஒரே ஒரு நீண்ட கிதார் சுரத்தோடு தொடங்கி, அதன்மேல் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போகிறது. திருப்பி ஓடும்போது ஏற்றியதெல்லாம் ஒவ்வொன்றாக இறங்குகிறது. கடைசி நிமிடங்களில் மேலே இருந்த அடுக்குகள் போய், கீழே இருந்தவையும் போய், அந்தச் செப்டம்பர் நாளில் ஃபிரிப் முதன்முதலில் பிடித்த அந்த ஒற்றைச் சுரம் மட்டும் மிஞ்சி நிற்கும்.